கட்டர் மேல் குற்றமில்லை

என் வாயில் ஒரே ஒரு சொல் மட்டும் வராது. 'தெரியாது' என்கிற சொல். (திக்குவாய் எல்லாம் இல்லை. மற்ற சொற்கள் தேவைக்கு மேலேயே வரும்.) ஒன்பதாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன் நான். அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டதெல்லாம் 'தெரியும்' என்கிற பொய்தான். திருப்பூரில் தையல் மிஷின் தெரியுமா என்றார்கள், தெரியும் என்றேன். மூன்றாம் நாள் ஊசி நகத்தில் இறங்கி மறுபக்கம் வந்தது. எர்ணாகுளத்தில் புரோட்டா வீசத் தெரியுமா என்றார்கள். நான் வீசிய முதல் புரோட்டா ஓடுகிற மின்விசிறியில் போய் உட்கார்ந்து, கடையில் இருந்த எல்லோருக்கும் சமமாகப் பரிமாறப்பட்டது. சூரத்தில் பிளைவுட் வேலை. அங்கே நிஜமாகவே கொஞ்சம் கற்றுக்கொண்டேன். ஆனால் தெரியும் என்று சொல்லி வைத்திருந்தது அதைவிட வெகுதூரம் முன்னால் போயிருந்தது.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வேன்? பையை எடுத்துக்கொண்டு முதலில் வருகிற பஸ்ஸில் ஏறிவிடுவேன். எந்த ஊர் பஸ் என்று ஏறிய பிறகுதான் பார்ப்பேன். பஸ் நிலையத்தில் தூங்குவதும் ஒருவேளைச் சாப்பாட்டில் இரண்டு நாள் ஓட்டுவதும் பழகிப்போன விஷயம். அதில் பெரிய கஷ்டம் இல்லை, கொசுதான் கஷ்டம்.

இப்படிப் பதினோரு ஊர் சுற்றி, முப்பத்து மூன்று வயதில் தென்காசியில் வந்து இறங்கினேன். கையில் ஒரு பை, காலில் வேறு வேறு ஜோடியைச் சேர்ந்த இரண்டு செருப்பு. என் தங்கை செல்வியை இலஞ்சியில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார், வருடத்துக்கு ஒருமுறை வருவார். அவருடைய அண்ணன் துரைப்பாண்டி அண்ணாச்சி, இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மர நாற்காலி, மேஜை செய்கிற பட்டறை வைத்திருந்தார். செல்வி அவரிடம் போய், "அத்தான், எங்க அண்ணனுக்குத் தெரியாத மிஷினே கிடையாது" என்று சொல்லிவிட்டாள். (பொய் சொல்வது எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் வந்ததில்லை போல.)

அன்றைக்கு எனக்குச் சோறு போட்டுக்கொண்டே என்னிடம் தனியாக ஒன்று சொன்னாள்.

"அண்ணே, நீ எங்கெங்கயோ ஓடுன. அதெல்லாம் யாருக்கும் தெரியாது. இங்கன இருந்து ஓடுனேன்னா, இந்த வீட்டுல நான்தான் தலைகுனிஞ்சு நடக்கணும். எங்க ஓரகத்தி, அத்தான் வீட்டம்மா, ஏற்கெனவே கேக்கா, உங்க அண்ணன் எத்தனை நாளைக்கு இருப்பாருன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சாவுற வரைக்கும்னு சொல்லிட்டேன்."

தண்ணீர் குடித்தேன்.

பட்டறையில் நாலு மாதம் எந்த வம்பும் இல்லாமல் போனது. அறுக்கிறது, இழைக்கிறது, துளை போடுகிறது எல்லாம் எனக்குத் தெரிந்த வேலைதான். அதுவரைக்கும் என் வாழ்க்கையில் ஒரு வேலையில் இவ்வளவு நாள் இருந்ததில்லை. செல்விகூட ஒருநாள், "அண்ணே, நீ குண்டாயிட்ட" என்று சந்தோஷப்பட்டாள்.

அப்போதுதான் அந்த மிஷின் வந்தது.

குற்றாலம் போகிற வழியில் ஓய்வு பெற்ற எஸ்.ஐ. ஒருவர் புதிதாக லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கூடத்துக்கு இருபத்து நாலு தேக்கு நாற்காலி வேண்டும், சீசன் முடிவதற்குள் வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தார். பட்டறைக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அதுதான். கையால் துளை அடித்து, அதில் செருகுகிற நாக்கு வெட்டி, இருபத்து நாலு நாற்காலியைச் சீசனுக்குள் முடிக்க முடியாது. அண்ணாச்சி கொல்லத்துக்குப் போய் மரம் இணைக்கிற புது மிஷின் ஒன்றை வாங்கி வந்தார். எங்கள் பக்கத்தில் அப்போது வேறு யாரிடமும் அது இல்லை.

பார்க்கச் சின்னதுதான். இரண்டு கையில் பிடிக்கலாம். முன்பக்கம் தட்டையான ஒரு முகம். முகத்தின் கீழ்ப்பக்கம் வாய் மாதிரி ஒரு திறப்பு. முகத்தை மரத்தோடு ஒட்டிவைத்துப் பின்னால் இருந்து தள்ளினால், வாய்க்குள்ளிருந்து கட்டர் நாக்கு மாதிரி வெளியே வந்து மரத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தோண்டும். இரண்டு மரத்திலும் அதே மாதிரி பள்ளம் தோண்டி, நடுவில் சின்ன மரத்துண்டு ஒன்றைப் பசை தடவிச் செருகி இறுக்கினால் தீர்ந்தது. அந்த மரத்துண்டுக்கு நாங்கள் 'பிஸ்கட்' என்று பேர் வைத்துக்கொண்டோம்.

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "ஏலே இசக்கி, இத நீ ஓட்டியிருக்கியா?"

"சூரத்துல இத தலைமாட்டுல வச்சுத்தான் தூங்குவேன் அண்ணாச்சி."

அதை என் வாழ்க்கையில் நான் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. "இது எதுக்கு, நான் இருக்கும்போது" என்று அதை வாங்கி அலமாரிக்கு மேலே எறிந்தேன்.

வெள்ளிக்கிழமை மிஷினுக்குப் பூசை. அண்ணாச்சி இதில் எல்லாம் குறை வைக்க மாட்டார். தேங்காய், பழம், சாம்பிராணி, புளியங்குடியிலிருந்து வந்த கோழிமுட்டை அளவு எலுமிச்சை. ஆனால் அன்றைக்குச் சாரல் ஓயவே இல்லை. பட்டறையின் மேற்குப் பக்கம் வெறும் தகரத் தடுப்புதான், காற்றோடு சாரல் உள்ளே வந்துகொண்டே இருந்தது. அண்ணாச்சி மிஷினின் முதுகில் சந்தனம் வைத்தார். வைத்த கணத்திலேயே அது வழிந்தது. மறுபடி வைத்தார். மறுபடி வழிந்தது.

"நீ கொஞ்சம் நல்லா வைலே" என்று கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, தேங்காய் உடைக்க வெளியே போனார்.

வாழ்க்கையில் எனக்கு ஒரு வேலையை நம்பிக் கொடுத்தவர்கள் குறைவு. அதனால் கொடுத்த வேலையை ஒரு படி கூடுதலாகச் செய்துவிடுவேன். அதுதான் எனக்குக் கேடு. சந்தனம் ஏன் ஒட்டவில்லை? ஈரம். ஈரத்தில் ஒட்டுவது எது? பக்கத்தில் மரம் ஒட்டுகிற வெள்ளைப் பசை, டப்பா நிறைய இருந்தது. கிண்ணத்தில் நாலு சொட்டு விட்டுக் குழைத்தேன். கெட்டியாக, மெழுகு மாதிரி வந்தது. (அந்த நிமிடம் என் அறிவை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. இப்போது அந்த நிமிடத்தைத் தூக்கி எறிய ஏதாவது இடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.)

அடுத்து, எங்கே வைப்பது? முதுகில் யாராவது பொட்டு வைப்பார்களா? மிஷினுக்கு வாய் இருக்கிறது. வாய்க்கு மேலே நெற்றி. நெற்றியில்தானே பொட்டு வைக்க வேண்டும்? முகத் தகட்டில், கட்டர் வருகிற திறப்புக்கு நேர் மேலே, நடுவாகப் பார்த்து ஒரு பொட்டு வைத்தேன். அதன் மேல் குங்குமம். அழகாக இருந்தது. ஒரு குழந்தை சிரிக்கிற மாதிரி இருந்தது.

சாயங்காலத்துக்குள் அண்ணாச்சி வைத்த சந்தனம் எல்லாம் கரைந்து போய்விட்டது. என் பொட்டு மட்டும் கல்வெட்டு மாதிரி நின்றது.

மறுநாள் வேலை தொடங்கியது. முதலில் மரத்தில் வைக்காமல் சும்மா ஓட்டி, வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். கட்டர் சுற்றுகிறது, சரி. கூடவே இடமும் வலமுமாக ஆடுகிறது! துளை போடுகிற மிஷினில் எனக்குத் தெரிந்த ஒரே பாடம், சுற்றுகிற கம்பி ஆடக் கூடாது என்பதுதான். ஆடினால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். புது மிஷின், அதற்குள் வளைந்துவிட்டதா? அண்ணாச்சியிடம் கேட்கலாம். கேட்டால், "சூரத்துல தலைமாட்டுல வச்சுத் தூங்குனியே, அப்போ ஆடலையா?" என்பார். அலமாரி மேலே இருந்து புத்தகத்தை எடுக்கலாம். எடுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள். நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அது ஆடுவதற்குள் குத்தி எடுத்துவிடுவது!

அப்படியே செய்தேன். பாம்பை அடிக்கிற வேகத்தில் குத்தி, அதே வேகத்தில் இழுத்தேன். பள்ளங்கள் எலி கடித்த தேங்காய் மாதிரி வந்தன. ஒரு இடத்தில் அகலம், ஒரு இடத்தில் குறுகல். பிஸ்கட் பாதி போய் நின்றுவிடும். சுத்தியலால் அடித்தால் மரம் பிளந்தது. தேக்கு மரம் பிளக்கிற சத்தம் அண்ணாச்சியின் காதுக்கு எங்கே இருந்தாலும் கேட்கும்.

"என்னலே அது?"

"மரம் ஈரம் அண்ணாச்சி."

இரண்டு நாள் 'மரம் ஈரம்' என்றே ஓட்டினேன். மூன்றாம் நாள் தனியாக உட்கார்ந்து, துணி துவைக்கிற பார் சோப்பு ஒன்றைப் பலகையில் இறுக்கிக் கட்டி, அதில் மிஷினை வைத்து மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளினேன். கட்டர் போகப் போக, இடதுபக்கம் ஒரு வீச்சு, வலதுபக்கம் ஒரு வீச்சு, கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பை வழித்துக்கொண்டே உள்ளே போனது. வெளியே எடுத்துப் பார்த்தால், உளியால் நாள் முழுக்கச் செதுக்கினாலும் வராத பள்ளம். இரண்டு முனையும் வளைவாக, நடுவில் நேராக.

அது கோளாறு இல்லை, அதன் வேலையே அதுதான்! அந்த ஆட்டம்தான் பள்ளத்தை நீளமாக்குகிறது. ஒவ்வொரு வீச்சும் முடிய நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் அரைகுறையாகத்தான் வரும். முப்பத்து மூன்று வயதில் முதல்முறையாக ஒரு விஷயத்தை நானே கண்டுபிடித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். சோப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அந்தச் சோப்பில் பள்ளத்துக்கு மேலே வட்டமாக ஒரு சின்னக் குழியும் விழுந்திருந்தது. அதையும் பார்த்தேன். கம்பெனி முத்திரை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் நாலு நாற்காலி இணைத்தேன். பள்ளம் ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி. பிஸ்கட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பசை போட்டு இறுக்கி, ஒரு ராத்திரி காயவைத்து, காலையில் தரையில் வைத்தால், முதல் நாற்காலி மூன்று காலில் நின்றது. நாலாவது கால் காற்றில் இருந்தது. இரண்டாவது நாற்காலியின் முன்கால்கள் ஒன்றை ஒன்று பார்க்கப் பிடிக்காத மாதிரி விலகி நின்றன. மூன்றாவது இடதுபக்கம் சாய்ந்தது. நாலாவது வலதுபக்கம்.

தெரியாமல் தப்புச் செய்தால் பழகிய வருத்தம்தான். தெரிந்துகொண்ட பிறகும் தப்பாக வந்தால்? பள்ளம் சரியாக இருக்கிறது, ஆனால் மரத்துக்குள் நேராகப் போகாமல் கொஞ்சம் சாய்ந்து போகிறது. ஒருமுறை இடதுபக்கம், ஒருமுறை வலதுபக்கம். எதிலும் ஒழுங்கு இல்லை. ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். சாரல் உண்டு, இடது. சாரல் இல்லை, இடது. கரண்ட் குறைவு, வலது. சாப்பாட்டுக்கு முன், வலது. சாப்பாட்டுக்குப் பின், வலதுதான், ஆனால் கூடுதல். கட்டரைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினேன், நேராக உருண்டது. மறுபடி மாட்டி ஓடவிட்டு, அதன் ஆட்டத்தை முறைத்துப் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. அந்தக் கட்டரை நான் பார்த்த அளவு என் தாயைக்கூடப் பார்த்ததில்லை.

பாலிஷ் போடுகிற மாரியம்மாள் அக்கா ஒருநாள் மிஷினில் படிந்த தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை, மரத்தில் ஒரு மணல் அளவு மேடு இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். மிஷின் முகத்தில் கை போனதும் நின்றாள்.

"ஏ இசக்கி, இது மூஞ்சில என்னமோ பொடைப்பா தட்டுப்படுதே தம்பி."

"அது பொட்டுக்கா. கை வைக்காதிய. சாமி காரியம்."

"நான் எதுக்குக் கை வைக்கேன்? நான் போட்ட பாலிஷுல நீ கை வைக்காம இருந்தாச் சரி."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. நான் நோட்டை எடுத்து, 'மாரியம்மாள் அக்கா தொட்டாள், வலது' என்று எழுதினேன்.

வீட்டில் செல்வி தினமும் கேட்பாள். "அண்ணே, புது மிஷின் எப்படிப் போவுது?"

"அருமையாப் போவுதும்மா."

அவள் உடனே அடுக்களைப் பக்கம் திரும்பி, ஓரகத்திக்குக் கேட்கிற மாதிரி, "எங்க அண்ணன் வந்த பொறவுதான் பட்டறையே பட்டறை மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்லுதாவ" என்பாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் எஸ்.ஐ. ஐயா வந்துவிட்டார். மாதிரிக்குச் செய்த நாலு நாற்காலியைப் பார்க்க வேண்டுமாம். ஆள் நல்ல உடம்பு. முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னால் ஒரு ஆட்டம், பின்னால் ஒரு ஆட்டம். எழுந்தார். இரண்டாவதில் உட்கார்ந்தார், எழுந்தார். நாலிலும் உட்கார்ந்து எழுந்துவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார்.

"துரைப்பாண்டி, என் சர்வீஸ்ல நான்தான் எல்லாரையும் ஆட்டியிருக்கேன். என்னைய ஒரு நாற்காலி ஆட்டுதது இன்னைக்குத்தான்."

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"தரை சரியில்ல ஐயா" என்றேன் நான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ பேரை அப்படிப் பார்த்து உண்மையைக் கக்க வைத்த பார்வை. "தரையா? சரி. நாற்காலியோட உங்க தரையையும் பேத்து எடுத்துக்கிட்டு வந்து போட்டுருவியா?" என்றார். அப்புறம் அண்ணாச்சியிடம், "பத்து நாள் பாப்பேன். இல்லேன்னா மதுரையில செய்யச் சொல்லிருவேன்" என்று வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அண்ணாச்சி வெகுநேரம் அந்த நாற்காலிகளில் ஒன்றைக் கையால் ஆட்டிக்கொண்டே நின்றார். டொக், டொக். அப்புறம் கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பஸ் ஏறியிருப்பேன்.

"இசக்கி, உண்மையைச் சொல்லு. உனக்கு இந்த மிஷின் தெரியுமா?"

அந்த ஒரு நிமிடம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. மழை நின்று தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மாரியம்மாள் அக்கா தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள். தெரியாது என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கடவுளே கொடுக்க முடியாது.

"தெரியும் அண்ணாச்சி. கட்டர்லதான் கோளாறு. கொல்லத்துல உங்கள ஏமாத்திட்டாவ."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் செங்கோட்டையில் ரயில் ஏறினோம். மிஷின் பெட்டி என் மடியில். எனக்குள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொல்லம் பெரிய ஸ்டேஷன், நாலா பக்கமும் ரயில் போகும். நிலைமை மோசமானால் டீ குடிக்கப் போகிற மாதிரி போய், வருகிற ரயிலில் ஏறிவிடலாம். பையை எடுத்து வரவில்லை, பரவாயில்லை, அதில் ஒன்றும் இல்லை.

மிஷின் வாங்கிய கடையில் சர்வீஸ் பார்க்கிறவர் ஒரு சேச்சி. மூக்கு நுனியில் கண்ணாடி. நான் பேச ஆரம்பித்தேன். கட்டர் எப்படிச் சுற்ற வேண்டும், எப்படி ஆட வேண்டும், வீச்சு முடிவதற்குள் தள்ளினால் என்ன ஆகும், இந்தக் கட்டரின் வீச்சில் இருக்கிற வஞ்சகம் என்ன என்று சோப்பு, நோட்டு சகிதம் விளக்கினேன். அந்தச் சேச்சிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். கடைக்கு வந்திருந்த இன்னும் மூன்று பேரும் நின்று கேட்டார்கள். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "ஏமாத்தக் கூடாதும்மா. தூரத்துல இருந்து வாரோம்" என்றார். அவர் குரலில் எனக்காக ஒரு கோபம் இருந்தது. எனக்காக யாரும் கோபப்பட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சேச்சி கட்டரைக் கழற்றினார், வெளிச்சத்தில் பார்த்தார், மாட்டினார், ஓட்டினார். "கட்டரு நல்ல கட்டராணல்லோ" என்றார். அப்புறம் மேஜை மேல் கிடந்த வழவழப்பான இரும்புத் தகட்டில் மிஷினைக் கவிழ்த்து, அதன் முகத்தை வைத்தார். கையை எடுத்தார். மிஷின் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. தொட்டார், மறுபக்கம் சாய்ந்தது.

டொக், டொக்.

எனக்குத் தெரிந்த சத்தம். என் நாற்காலிகள் போடுகிற அதே சத்தம்.

அவர் மிஷினைத் திருப்பி, முகத்தில் படிந்திருந்த மரத்தூளை ஊதினார். விரலால் தடவினார். நகத்தால் சுரண்டினார், வரவில்லை. ஒரு பிளேடை எடுத்து அடியில் கொடுத்து நெம்பினார். 'டப்' என்று ஒரு சின்னத் தகடு தெறித்து மேஜையில் விழுந்து, இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. மஞ்சள், நடுவில் சிவப்பு. ஒரு பொத்தான் கனம் இருந்தது. அந்தப் பொத்தானின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் மிஷின் ஒவ்வொரு தடவையும் என் கை அழுத்துகிற பக்கம் சாய்ந்திருக்கிறது. கட்டர் பாவம், முகம் காட்டிய திசையில் ஒழுங்காகப் போயிருக்கிறது.

சேச்சி கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார்.

"ஆரா இதுக்கு பொட்டு தொட்டது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியாது" என்றேன்.

முப்பத்து மூன்று வருடமாக வராத சொல். அதையும் முதல் தடவையாக வாயிலிருந்து எடுத்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்துக்கு.

சேச்சி இரண்டு துண்டு மரத்தை எடுத்துப் பள்ளம் தோண்டி, பிஸ்கட் செருகி இணைத்துக் காட்டினார். மூலைமட்டம் வைத்தால் மயிர் நுழையாது. அந்தப் பொட்டை ஒரு காகிதத்தில் மடித்து, "பிரசாதம்" என்று அண்ணாச்சி கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பழக்கம். யார் பிரசாதம் கொடுத்தாலும் அப்படித்தான் வாங்குவார்.

ஸ்டேஷனில் என் கால் தானாகவே அடுத்த பிளாட்பாரத்தைப் பார்த்தது. அங்கே ஏதோ ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. எந்த ஊருக்கோ தெரியாது. அண்ணாச்சி மிஷின் பெட்டியை என் கையில் கொடுத்து, "பிடி. நான் டிக்கெட் எடுத்துட்டு வாரேன்" என்று போனார். அடுத்தவர் மிஷினோடு ஓட முடியாது. கீழே வைத்துவிட்டு ஓடலாம். வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த ரயில் போவதைப் பார்த்தேன். செல்வி, சாவுகிற வரைக்கும் என்று சொல்லியிருக்கிறாள்.

புனலூர் தாண்டியது, தென்மலை தாண்டியது. அண்ணாச்சி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மலைக்குள் ரயில் குகையில் நுழைந்து பெட்டி இருட்டானது. அந்த இருட்டில் குரல் வந்தது.

"ஏலே, பசை போட்டியாலே?"

"ஆமா அண்ணாச்சி."

குகை நீளமான குகை. வெளிச்சம் வந்தபோது அண்ணாச்சி துண்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று முதலில் பயந்துவிட்டேன்.

அவர் சிரித்ததில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. பட்டறைக்குப் போனதும் அலமாரி மேலிருந்து அந்தப் புத்தகத்தை இறக்கி, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்திலேயே ஒரு படம் இருந்தது. மிஷினின் முகத்தை ஒரு கை துணியால் துடைக்கிற படம். அதைப் புரிந்துகொள்ள ஒன்பதாம் வகுப்புகூட வேண்டாம். ஒன்பது நாளில் இருபத்து நாலு நாற்காலியையும் முடித்தோம். எஸ்.ஐ. ஐயா ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, "தரை இப்போ சரியாயிட்டு போலயே" என்றார்.

கொல்லத்திலிருந்து திரும்பிய அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோதே செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

"கொல்லத்துல இருந்து ஓடிருக்கலாம்லா?" என்றாள்.

"ஓடியிருக்கலாம்."

"ஏன் ஓடல?"

"கையில மிஷின் இருந்துச்சு."

தட்டை எடுத்து வைத்து, வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூடுதலாகச் சோறு போட்டாள்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆடுகிற அந்த நாலு நாற்காலியை அண்ணாச்சி உடைக்க விடவில்லை. மூன்று பட்டறையில் கிடக்கிறது, ஒன்று செல்வி வீட்டில். பிடிக்காத சொந்தக்காரர்கள் வந்தால் அதில்தான் உட்கார வைக்கிறாள். அந்த வீட்டில் மிக்ஸி சத்தம் போட்டாலும், குக்கர் விசில் அடிக்காவிட்டாலும், "எங்கனயாவது பொட்டு இருக்கான்னு பாருங்க" என்றுதான் முதலில் சொல்வார்கள். மாப்பிள்ளை எல்லையிலிருந்து போன் போடும்போது, "மச்சான், இங்கன ஒரு ஜீப்பு கிளம்ப மாட்டேங்குது. பசை எடுத்துக்கிட்டு வாரியளா?" என்கிறார்.

ஆயுத பூசை அன்றைக்குத்தான் எனக்கு மோசம். எல்லா மிஷினுக்கும் அண்ணாச்சியே சந்தனம் வைத்துக்கொண்டு வருவார். அந்த மிஷினுக்கு முன்னால் வந்ததும் நிற்பார். சாமி படத்துக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிற காகிதத்தைப் பிரித்து, உள்ளே இருக்கிற பழைய பொட்டை எல்லோருக்கும் ஒருமுறை காட்டுவார். அப்புறம் மிஷினை விட்டுவிட்டு, கிண்ணத்தில் விரலைத் தோய்த்து என் நெற்றி நடுவில் அழுத்தி வைப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். பட்டறை முழுக்கக் காத்திருக்கும், அவர் சொல்லப்போவதைக் கேட்க.

"பயப்படாதலே. இதுல பசை போடல."